தாமான் நெகாரா மழைக்காட்டில் தனியாக ஒரு நாள்: வழிகாட்டியுடன் நடக்கும் நடையை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி – காரைக்குடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் கோலாலம்பூரில் என் அம்மானுக்கு அறுபதாம் ஆண்டுச் சாந்தி நடக்கவிருக்கிறது. குடும்பத்தார் எல்லோரும் திருச்சியிலிருந்து விமானத்தில் செல்கிறோம். சாந்தி முடிந்தபின் மற்றவர்கள் பத்துமலைக்கும் பினாங்குக்கும் போவதாக இருக்கிறார்கள். நான் மட்டும் அவர்களிடமிருந்து பிரிந்து, பகாங் மாநிலத்தில் உள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குத் தனியாகச் சென்று, ஒரு முழு நாளைக் காட்டு நடைக்காகவே ஒதுக்க விரும்புகிறேன். எங்கள் பாட்டையா மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அந்த நாட்டைப் பற்றி வீட்டில் பேசும்போதெல்லாம் கடைத்தெருவும் கணக்குப் பெட்டியும் வந்திருக்கின்றனவே தவிர, காட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வளர்ந்துவிட்டது.

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. வேட்டங்குடியில் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் அமர்ந்து நத்தைக்குத்தி நாரைகளையும் மஞ்சள்மூக்கு நாரைகளையும் பார்த்தே கற்றுக்கொண்டவள் நான். ஆனால் வெப்பமண்டல மழைக்காடு ஒன்றினுள் இதுவரை கால் வைத்ததில்லை. இணையத்தில் காணும் ஒருநாள் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன: காலையில் மரவுச்சிப் பாலம், அதைத் தொடர்ந்து புக்கிட் தெரெசெக் குன்று, நண்பகலில் லாத்தா பெர்கோ அருவிக்குப் படகு, மாலையில் பாத்தேக் பழங்குடியினரின் குடியிருப்பு, இரவில் காட்டு நடை. இவ்வளவையும் ஒரே நாளில் செய்வது உகந்ததா, அல்லது சிலவற்றை விட்டுவிட வேண்டுமா என்று அறிய விரும்புகிறேன்.

குழுவோடு சேர்ந்து நடப்பது நல்லதா, எனக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லதா? தனியாக வரும் பெண் எவற்றைக் கவனிக்க வேண்டும்? என் தாயார் அட்டைகளை எண்ணி இப்போதே கவலைப்படுகிறார். இன்னொன்று: எங்கள் வீட்டு வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் கடல் கடந்து வந்தவை என்று சொல்வார்கள். அத்தகைய தேக்கு மரங்களை அந்தக் காட்டில் உயிரோடு காண முடியுமா? அறிந்தவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள்.


மறுமொழி – தேவகோட்டை, பகாங்கில் பணியாற்றியவர்

தங்கச்சிக்கு வணக்கம். பணி நிமித்தமாகப் பல ஆண்டுகள் பகாங் மாநிலத்தில் வாழ்ந்தவன் நான். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கோலா தாகானுக்குப் போய்வந்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து ஜெராண்டுட் வழியாகப் பூங்காவின் வாயிலான கோலா தாகானுக்குச் செல்லச் சாலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அன்றே போய் அன்றே திரும்புவது என்றால், காடு விழித்திருக்கும் இரு பொழுதுகளையும், அதாவது விடியலையும் முன்னிரவையும், நீங்கள் சாலையில்தான் கழிப்பீர்கள். ஆகவே ஒரு நாள் நடைக்கு இரண்டு இரவுத் தங்கல் தேவை. கோலா தெம்பெலிங்கிலிருந்து ஆற்றில் படகில் போகும் பழைய வழியும் உண்டு. அது சுமார் 60 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் செல்லும் நாளில் படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு அறிந்துகொண்டால் போகும்போது அவ்வழியே செல்லலாம். ஜூன் மாதம் நல்ல தேர்வு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகிவிடும்.

அடுத்து, கடிகாரம். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே சூரியன் உதிப்பது காலை ஏழு மணியளவில்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கே எழுந்து புறப்பட்டால் இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். அதே சமயம், விடுதியில் எட்டு மணிக்குத் தொடங்கும் சிற்றுண்டியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டால் நாளின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் போய்விடும். உங்கள் வழிகாட்டியிடம், ஏழு மணிக்குப் படகுத்துறையில் சந்திக்க வேண்டும் என்று முதல் நாளே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஊர் ஒரு கரையிலும் பூங்கா மறு கரையிலும் இருப்பதால், தெம்பெலிங் ஆற்றைச் சிறு படகில் கடந்தாக வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். தாமான் நெகாராவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டம் முழுவதும் காடாக இருந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் அமைக்கப்பட்டு, நாடு விடுதலை பெற்றபின் இப்போதைய பெயரைப் பெற்றது. புலி, யானை, டேபிர் (குறுந்துதிக்கை போன்ற மூக்குடைய, பன்றியை ஒத்த பெரிய விலங்கு), சூரியக் கரடி ஆகிய அனைத்தும் அங்கே வாழ்கின்றன. ஆயினும் ஒரு நாள் நடையில் இவற்றுள் எதையும் காண்பேன் என்று நினைத்துக்கொண்டு செல்லாதீர்கள். மலேசியா முழுவதிலும் காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்பது அந்நாட்டின் தேசியக் கணக்கெடுப்பு சொல்லும் செய்தி. கண்மாய்க் கரையில் பார்வை எட்டிய தூரம் வரை நீரும் மரமும் திறந்து கிடக்கின்றன. மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் பச்சைச் சுவர். உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்கே தரையை எட்டுகிறது. இலையும் பூவும் பழமும் மேலே இருப்பதால் உயிர்களில் பெரும்பாலானவையும் மேலேயே இருக்கின்றன. அங்கே முதலில் பயன்படுவது காதுதான், கண் பிறகுதான் வரும். இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்த ஒரு நாள் நிறைந்து வழியும். புரியாதவர், பத்துக் கிலோமீட்டர் நடந்தும் ஒன்றும் பார்க்கவில்லை என்று சலித்துக்கொண்டு திரும்புவார்.

ஏழு மணிக்கு நீங்கள் கேட்கப்போவதைச் சொல்கிறேன். வாலில்லாக் குரங்குகளான வெள்ளைக்கை கிப்பன்கள் இணையாகப் பாடும். அவற்றின் இனத்தைச் சேர்ந்த, அவற்றைவிடப் பருத்த சியாமாங்குகள் தொண்டைப் பையை ஊதி முழங்கும். நற்காலையாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு திசைகளிலிருந்து வரும். பெரும் ஆர்கஸ் என்ற பறவை, மயிலின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஈரசையில் உரக்கக் கூவும். அதன் ஆண் காட்டுத் தரையில் ஓரிடத்தை இலைச் சருகின்றித் துப்புரவாக்கி ஆடுகளமாக வைத்துக்கொள்ளும். களத்தைப் பார்ப்பது எளிது, பறவையைப் பார்ப்பது பெரும்பேறு. இருவாச்சி பறக்கும்போது இறகுகளினூடே காற்று புகுந்து எழும் இரைச்சல் பறவை கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டுவிடும். அந்த ஓசை கேட்டவுடன் மரங்களுக்கிடையே வானம் தெரியும் இடத்துக்கு உங்களைத் திருப்பி நிறுத்துபவரே நல்ல வழிகாட்டி. பின் அரை மணி நேரம் எதுவுமே இல்லாதிருக்கும். அதன் பிறகு பலவினப் பறவைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே கடந்து செல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாது. அந்த அரை மணி நேரத்தைப் பேசிக் கலைக்காமல் நிற்கக்கூடியவராக வழிகாட்டி இருக்க வேண்டும், நீங்களும் இருக்க வேண்டும்.

இதனால்தான் காலை நடைக்கு உங்களுக்கென ஒருவரைத் தனியே அமர்த்திக்கொள்ளச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் காலடியோசையில் சருகுமான் ஓடி ஒளிந்துவிடும். செலவு கூடும் என்பது உண்மைதான். படகுப் பயணத்தையும் பிறவற்றையும் குறைத்தாவது இதற்குக் கொடுங்கள். அமர்த்துமுன் உரிமம் பெற்ற வழிகாட்டியா என்று கேளுங்கள். அதோடு, ‘இந்த வாரம் எந்த அத்தி பழுத்திருக்கிறது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். மழைக்காட்டில் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. எங்காவது ஒன்று பழுத்தால் இருவாச்சிகள், கிப்பன்கள், மந்திகள், மலை அணில்கள் எல்லாம் அங்கே திரளும். நாள்தோறும் காட்டுக்குள் போய்வருபவருக்கு அந்த மரம் தெரிந்திருக்கும். உடனே பதில் சொல்பவரைத் தயங்காமல் அமர்த்திக்கொள்ளுங்கள். அத்தகைய மரம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால், மற்றத் திட்டங்களைக் கைவிட்டு அதனடியிலேயே இரண்டு மணி நேரம் இருந்துவிடுங்கள்.

மரவுச்சிப் பாலம் பார்க்கத்தக்கதே. 500 மீட்டருக்கும் மேல் நீளமும், தரையிலிருந்து 40 மீட்டர் வரை உயரமும் கொண்டது. சில காலங்களில் பழுது பார்ப்பதற்காக முழுவதையோ ஒரு பகுதியையோ மூடிவிடுவார்கள். ஆகவே முதல் நாளே விசாரியுங்கள். திறந்ததும் கூட்டம் சேரும் என்பதால், அங்கே விலங்கைத் தேடாமல் காட்டின் அடுக்குகளை மேலிருந்து புரிந்துகொள்ளும் இடமாக மட்டும் அதைக் கருதுங்கள். புக்கிட் தெரெசெக் 300 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குன்று, பெரும்பாலும் படிக்கட்டு. வானம் தெளிந்திருந்தால் தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான, 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தாகான் தெரியலாம். காட்சிக்காகவே அதை ஏற வேண்டும். உங்கள் நோக்கம் உயிரினங்கள் என்றால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பகல் பன்னிரண்டு மணிக்குப்பின் காட்டில் சிள்வண்டுகளின் ஓசையைத் தவிர வேறொன்றும் எழாது. அப்போது உறங்குங்கள். பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். பட்ட கிளைகள் முறிந்து விழும் நேரம் அது. வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள். மழை இல்லாவிட்டால் நான்கு மணியளவில் லாத்தா பெர்கோ பக்கம் படகில் போகலாம். அருவி என்று பெயர் சொல்கிறார்களே தவிர, அது பாறைகளுக்கிடையே ஆறு பாய்ந்து இறங்கும் இடந்தான். ஆனால் அங்கே போகும் வழியான தாகான் ஆறு மிக அழகானது. இரு கரையிலும் நெராம் மரங்கள் நீரின் மேல் சாய்ந்து நிற்கும். அவற்றின் கிளைகளில் பெரணிகளும் ஆர்க்கிட்களும் குடியிருக்கும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கெலா மீன்களைப் பாதுகாக்கும் பகுதியும் அந்த ஆற்றில் உண்டு.

இரவு நடை எட்டரை மணியளவில் தொடங்கும். இதற்குக் குழுவோடு சேர்ந்துகொள்வதில் குறையில்லை, ஏனென்றால் இரவில் பார்ப்பவை பெரும்பாலும் ஓடிவிடாதவை. குச்சிப்பூச்சிகள், இலையோடு இலையாக உறங்கும் ஓணான்கள், மரத்தவளைகள், உள்ளங்கை அளவுச் சிலந்திகள் ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் காட்டுவார்கள். புற ஊதா விளக்கைப் பாய்ச்சினால் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். எல்லோரும் விளக்கை அணைத்துச் சற்று நின்றால், மட்கிய மரத்தில் சில காளான்கள் மங்கலாக ஒளிர்வதும் தெரியக்கூடும்; இதை வழிகாட்டி தாமாகச் செய்யாவிட்டால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பூங்கா அலுவலகத்துக்கு அருகே உவர்மண் திட்டு ஒன்றும் அதை நோக்கிய மறைவிடமும் உண்டு. உப்புச் சத்துக்காக மிளாவும் சில வேளை டேபிரும் அங்கே வரும்.


மறுமொழி – பள்ளத்தூர், தனியாகப் பயணம் செய்பவர்

தேவகோட்டை அண்ணன் காட்டைப் பற்றி எழுதிவிட்டார். நான் நடைமுறைச் செய்திகளை மட்டும் சொல்கிறேன். தனியாகப் போகும் பெண் என்ற வகையில் கோலா தாகான் எனக்கு அச்சம் தந்த ஊர் அன்று. சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இருந்தாலும், எந்த வழிகாட்டியுடன் எந்தப் பாதையில் எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை எழுதி விடுதியில் கொடுத்துவிட்டு, கோலாலம்பூரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். காட்டினுள் கைப்பேசிக்கு இணைப்புக் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வழிகாட்டியின் உரிம அட்டையைப் படமெடுத்து அனுப்புவதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. பணத்தை ஜெராண்டுட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகளைப் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவை நோயைத் தருபவையல்ல, தொல்லை தருபவை. தரையில் ஊர்ந்து வரும் பழுப்பு நிற அட்டை கடிப்பது தெரியாது. செடியின் இலைகளில் காத்திருக்கும் வரியட்டை கடித்தால் சுருக்கென்று வலிக்கும். கடித்த அட்டையின் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து வெகுநேரம் கசியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை கிடைக்கிறது. அதைக் காற்சட்டையின் மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவற்றைக் கடிக்கு முன்பே தட்டிவிடலாம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமலும் நெருப்பு வைக்காமலும், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செருகி மெல்ல நகர்த்தி எடுத்து, கடிவாயைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செல்ல வேண்டும்.

பருத்தி ஆடை வேண்டாம். அங்குள்ள ஈரக்காற்றில் வியர்வை உலரவே உலராது. பருத்தி நனைந்தால் நாள் முழுவதும் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எளிதில் உலரும் மெல்லிய முழுக்கைச் சட்டை, அழுத்தமான பிடிப்புள்ள காலணி, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பொடி ஆகியவை போதும். குடையைக் காட்டுப் பாதையில் விரிக்க முடியாது, மழையங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவு மட்டும் உண்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், ஆற்றில் மிதக்கும் உணவகங்களில் காய்கறிச் சோறு கேட்டாலும் சம்பலில் நெத்தலிக் கருவாடோ, பெலாச்சான் எனப்படும் இறால் விழுதோ சேர்ந்திருக்கும். ‘சாயூர் சகாஜா’, அதாவது காய்கறி மட்டும் என்று சொல்லி, இவ்விரண்டையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். சீடையும் மாவுருண்டையும் எடுத்துச் செல்வதும் நல்லது; ஆனால் காட்டுப் பாதையில் பையைத் திறந்து தின்னாதீர்கள். நீள்வால் குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாத்தேக் மக்களின் குடியிருப்பைப் பற்றி ஒரு சொல். அவர்கள் அந்தக் காட்டிலேயே காலங்காலமாக வேட்டையாடியும் கிழங்கும் தேனும் எடுத்தும் வாழ்ந்துவருபவர்கள். பயணக் குழுக்கள் அரை மணி நேரத்தில் ஊதுகுழல் அம்பு எய்வதையும் மரத்தைத் தேய்த்துத் தீ மூட்டுவதையும் பார்த்து, குழந்தைகளைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. என்னைக் கேட்டால், ஒரு நாளே இருக்கும்போது இதைச் சேர்க்காதீர்கள். போவதென்றால், அவர்களுக்கு நேரே பணம் சேருகிறதா என்று கேட்டு, அனுமதி பெறாமல் யாரையும் படமெடுக்காமல், நேரம் ஒதுக்கிப் போக வேண்டும். நம் வளவுக்குள் நாள்தோறும் முப்பது அயலார் வந்து எட்டிப் பார்த்துப் போனால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.


மறுமொழி – திருப்பத்தூர், தாவரவியல் ஆசிரியர்

தேக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாமான் நெகாராவில் தேக்கு இயல்பாக வளர்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதை அறிந்தால் மழைக்காடு என்பது என்ன என்பதும் விளங்கும். தேக்கு இலையுதிர் மரம். ஆண்டில் சில மாதங்கள் மழையே இல்லாத கோடை அதற்கு வேண்டும். இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் பருவமழைக் காடுகளே அதன் தாயகம். செட்டிநாட்டு வீடுகளின் புகழ்பெற்ற தூண்கள் பர்மாத் தேக்கு என்று சொல்லப்படுவது அதனால்தான். ஆண்டு முழுவதும் மழை பெய்து, வறண்ட மாதமே இல்லாத மலேசியக் காட்டில் இலையுதிர்க்கும் காலமென்று ஒன்று இல்லை. ஆகவே அங்கே நீங்கள் தேட வேண்டிய மரங்கள் வேறு.

முதலில் டிப்டெரோகார்ப் குடும்பத்தைப் பாருங்கள். நம் நாட்டுக் குங்கிலிய மரமும் சால மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் கனிகளுக்கு இறகு போன்ற இதழ்கள் உண்டு. உதிரும்போது சுழன்றுகொண்டே இறங்கும். வியப்பு என்னவென்றால், இக்குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் பல இனங்களும் பரந்த பரப்பில் ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கின்றன. விதை தின்னும் பன்றிகளும் அணில்களும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் விதை விழுவதால் சில விதைகள் தப்பி முளைக்கின்றன என்பது அறிஞர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று. நீங்கள் செல்லும் ஆண்டு அத்தகைய ஆண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அப்படியானால் தரையெங்கும் இறகுக் கனிகள் கிடக்கும்.

அடுத்து துவாலாங் மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இது 80 மீட்டர் வரை வளரக்கூடியது. காட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும். அதன் வழவழப்பான அடிமரத்தில் ஏறுவது கரடிக்கும் கடினம் என்பதால், மலைத்தேனீக்கள் அதன் கிளைகளில் அடையடையாகக் கூடு கட்டுகின்றன. இத்தனை பெரிய மரத்தின் வேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று தோன்றும்; உண்மையில் பல மரங்களின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கின்றன. வெப்பத்திலும் ஈரத்திலும் விழுந்த இலை விரைவில் மட்கி, அதன் சத்தை வேரும் பூஞ்சையும் உடனே உறிஞ்சிவிடுவதால் சத்து மேற்பரப்பிலேயே தங்குகிறது; அதற்குக் கீழே மண் மிகவும் மெலிந்தது. அடிமரத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும் பலகை வேர்கள் மரத்தைத் தாங்க உதவுகின்றன. காட்டை அழித்துவிட்டால் அங்கே பயிர் சில ஆண்டுகளே செழிக்கும் என்பதற்கும் இந்த மெலிந்த மண்ணே காரணம். கோலாலம்பூரிலிருந்து வரும் வழி நெடுகிலும் நீங்கள் காணும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் உரமிட்டே வளர்க்கப்படுகின்றன. அந்தத் தோட்டங்களும் ஒரு காலத்தில் இதே போன்ற காடாக இருந்தவை என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

பிரம்பையும் பாருங்கள். பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. கொக்கி முள்ளால் பற்றிக்கொண்டு ஒளியை நோக்கி ஏறும். பாதையோரத்தில் தொங்கும் அதன் முள் சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காமல் ஓரடி பின்வாங்கிக் கழற்ற வேண்டும்.


மறுமொழி – சிங்கம்புணரி

முதன்முறையாக மழைக்காடு செல்பவர் வால்பாறைக்கே போகலாமே என்று எழுத நினைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சோலைமந்தியை அங்கே காணலாம்; மலை இருவாச்சியும் அங்கே உண்டு. காரைக்குடியிலிருந்து ஒரு நாள் பயணம். தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டையே நம்பி வாழ்ந்த மன்னான், பளியர் சமூகத்தவர் வழிகாட்டிகளாக அழைத்துச் செல்லும் நடைகளும் உண்டு. ஆனால் கிப்பனின் பாட்டு தீபகற்ப இந்தியாவின் எந்தக் காட்டிலும் கேட்காது. கோலாலம்பூர் வரை போகும் வாய்ப்பு வாய்த்திருக்கும்போது அதை விட வேண்டாம். தாமான் நெகாராவுக்குப் போய்வந்தபின் வால்பாறைக்குச் செல்லுங்கள். இரண்டு காடுகளிலும் ஒரே குடும்பத்து மரங்கள் நிற்பதை அடையாளம் காண்பீர்கள்.


காரைக்குடி வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்னபடி இரண்டு இரவுகள் தங்குவதாக முடிவு செய்துவிட்டேன். காலையில் தனி வழிகாட்டி, பகலில் ஓய்வு, மழை இல்லாவிட்டால் தாகான் ஆற்றில் படகு, இரவில் குழுவோடு நடை என்று அமைத்துக்கொள்கிறேன். குன்றையும் பாத்தேக் குடியிருப்பையும் விட்டுவிடுகிறேன். அட்டையைப் பற்றிய பகுதியை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். காலுறையை அவரே தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பள்ளத்தூர் ஆச்சிக்கு: நான் சைவம் மட்டும் உண்பவள்தான், நீங்கள் எழுதியிருக்காவிட்டால் பெலாச்சானைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்காது.

கடைசியாக ஓர் ஐயம். என்னிடம் இருப்பது 10×25 அளவுள்ள சிறிய இருகண் நோக்கி. கண்மாய்க் கரையில் அது போதுமானதாக இருக்கிறது. மழைக்காட்டுக்கும் அதையே எடுத்துச் செல்லலாமா?


தேவகோட்டை

அதை எடுத்துச் செல்ல வேண்டாம், தங்கச்சி. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்கள் கருவியில் 25ஐ 10ஆல் வகுக்க, அது இரண்டரை மில்லிமீட்டர். வெயில் அடிக்கும் கண்மாய்க் கரையில் கண்ணின் பாவையும் சுருங்கியிருப்பதால் குறை தெரியாது. காட்டின் நிழலில் பாவை விரியும்போது அந்தக் கருவியில் எல்லாம் இருண்டு தெரியும். 8×42 அளவில் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பார்வைப் பரப்பும் விரிவாக இருக்கும் என்பதால், இலைகளுக்கிடையே தாவும் பறவையை விரைவாகப் பிடிக்கலாம். தெரிந்தவர்களிடம் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் புகாதபடி அடைக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். குளிரூட்டிய அறையில் வைத்திருந்து நேராக வெளியே எடுத்தால் வில்லைகளில் நீர் படர்ந்து கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஆகவே காலை நடைக்கு முந்திய இரவே அதைப் பையோடு அறைக்கு வெளியே, பூட்டக்கூடிய இடத்தில் வைத்துவிடுங்கள்; அப்படி இடமில்லையென்றால் எழுந்தவுடன் முதல் வேலையாக அறையின் குளிரூட்டியை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்துவையுங்கள்.